ஏர்பஸ் த்ராட்டில்: இறக்கம் பழக அருமையான கருவி

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் என் மேசைமேல் இருப்பது த்ரஸ்ட்மாஸ்டரின் டிசிஏ குவாட்ரன்ட், ஏர்பஸ் எடிஷன். விமான இன்ஜின்களின் உந்துவிசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் கைப்பிடிகள் கொண்ட பெட்டி இது. கணினியில் விமானம் ஓட்டும் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில், ஃப்ளைபைவயர் குழு இலவசமாகத் தரும் ஏ320 நியோவுக்கு இதை வைத்திருக்கிறேன். விமானியாகத் துடிக்கும் அக்கா மகனும் இதில்தான் பழகுகிறான்.

இதன் அருமை இறக்கத்தில்தான் தெரியும். நிஜ ஏ320-ல் ஆட்டோ த்ரஸ்ட் (உந்துவிசையைத் தானாகப் பார்த்துக்கொள்ளும் அமைப்பு) அதைக் கூட்டினாலும் குறைத்தாலும் கைப்பிடி அசையாது, க்ளைம்ப், அதாவது மேலேறும் உந்துவிசைக்கான நிலையிலேயே நிற்கும். போயிங்கில் மோட்டார் கைப்பிடியையும் சேர்த்து நகர்த்தும். இந்தப் பெட்டியில் மோட்டார் இல்லை, அதனால் ஏர்பஸ்ஸுக்கு அச்சு அசல். போயிங் பிரியர்கள் வேறு பாருங்கள்.

ஆடி மாத மேல்காற்றை வைத்துக்கொண்டு, கடல் பக்கமிருந்து சென்னையின் 25-ஆம் ஓடுபாதைக்கு வந்து பாருங்கள். எதிர்காற்று வலுத்தால் இலக்கு வேகம் தானாக ஏறும், இன்ஜின் சத்தம் கூடும், கைப்பிடி மட்டும் சும்மா இருக்கும். 20 அடியில் 'ரிட்டார்ட்' (பின்னுக்கு இழு) என்று விமானத்தின் குரல் வந்ததும் கையால் ஐடிலுக்கு, அதாவது மிகக் குறைந்த உந்துவிசை நிலைக்கு இழுக்க வேண்டும். இது கீபோர்டில் வரவே வராது.

கைப்பிடி அசையாததால் உந்துவிசை குறைந்தது கைக்குத் தெரியாது, கண்தான் வேகமானியில் இருக்க வேண்டும். 1990 பிப்ரவரி 14-இல் பெங்களூருவில் இந்தியன் ஏர்லைன்ஸ் 605 என்ற ஏ320 விமானம் இறங்கும்போது இன்ஜின்கள் ஐடிலில் இருக்க, வேகம் சரிந்துகொண்டே போனது. 146 பேரில் 92 பேர் இறந்தார்கள். பையனுக்கு இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுத்தேன்.

கைப்பிடியின் பக்கவாட்டில் சிவப்புப் பொத்தான் இருக்கிறது, ஆட்டோ த்ரஸ்ட்டை விலக்க. க்ளைம்ப் நிலையில் வைத்தபடியே அதை அழுத்திவிடாதீர்கள், உந்துவிசை க்ளைம்ப் அளவுக்கு எகிறிவிடும். முதலில் கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்து, என்1 மீட்டரில் (இன்ஜின் விசிறியின் சுழற்சியைக் காட்டுவது) கைப்பிடியின் நிலையைக் காட்டும் சின்ன வட்டத்தை முள்ளோடு பொருத்துங்கள், அப்புறம் அழுத்துங்கள். நிஜ விமானத்திலும் முறை இதுதான், அதை இங்கே பழக முடிவதே எனக்குப் பெரிய விஷயம்.

வாங்கியதும், சிமுலேட்டர் விமானத்தின் காக்பிட்டில் உள்ள டேப்லெட்டில், கைப்பிடி தடுத்து நிற்கும் ஒவ்வொரு நிலையையும் (ஐடில், க்ளைம்ப் போன்றவை) கட்டாயம் பதிவு செய்துவிடுங்கள். இல்லையென்றால் க்ளைம்ப் நிலை எது என்று விமானத்துக்குத் தெரியாது.

சரி, நம் லாஸ்பேட்டை விமான நிலையத்தில் இறங்கும் ஏடிஆர் என்ற சிறிய ப்ரொப்பெல்லர் விமானம்? அதில் ஆட்டோ த்ரஸ்ட் போன்ற ஆட்டோ த்ராட்டிலே கிடையாது, இறக்கத்தில் உந்துவிசை முழுக்க விமானியின் கையில்தான். அதை மட்டும் ஓட்ட நினைப்பவர்களுக்கு, தடையில்லாமல் வழுக்கிச் செல்லும் சாதாரண கைப்பிடியே போதும்.