மணிக்கட்டு முறிவு: மாவுக்கட்டா, பிளேட்டா?

மார்கழி முதல் வாரம். மேற்கு மாம்பலத்தில் எங்கள் வாசலில் தண்ணீர் தெளித்துவிட்டுக் கோலமாவு எடுக்கத் திரும்பிய அம்மா வழுக்கி, வலது உள்ளங்கையை ஊன்றி விழுந்தார். வயது 68. கொஞ்ச நேரத்திலேயே மணிக்கட்டு வீங்கி, பக்கவாட்டில் பார்த்தால் கவிழ்த்து வைத்த முள்கரண்டி மாதிரி வளைந்து நின்றது. சோப்பு நுரை போட்டு வளையல்களைக் கழற்றினோம். ஒன்று மட்டும் வரவில்லை, ஆஸ்பத்திரியில் வெட்டித்தான் எடுத்தார்கள். கை உடைந்தால் முதலில் வளையலையும் மோதிரத்தையும் கழற்றிவிடுங்கள். வீக்கம் ஏறிய பிறகு அவை ரத்த ஓட்டத்தையே தடுத்துவிடும்.

முதலில் போன தனியார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேயைப் பார்த்ததுமே மாலையில் ஆபரேஷன், பிளேட் என்று நேரம் குறித்துவிட்டார்கள். மாவுக்கட்டு என்ற பேச்சே வரவில்லை. இன்னொருவரிடம் கேட்டுவிட்டு வருகிறோம் என்று கிளம்பினோம். அன்றிலிருந்து படித்ததும் பார்த்ததும்தான் இந்த ஒப்பீடு.

முன்கையில் இரண்டு எலும்புகள். சுண்டுவிரல் பக்கம் இருக்கும் அல்னா பெரும்பாலும் அசையாது. கட்டைவிரல் பக்கம் இருக்கும் ஆரை எலும்புதான் அதைச் சுற்றித் திரும்புகிறது. கோயிலில் தீர்த்தம் வாங்க உள்ளங்கையைக் குழித்து மேலே திருப்புகிறோமே, அது இந்தச் சுழற்சிதான். அம்மாவுக்கு உடைந்தது ஆரை எலும்பின் மணிக்கட்டு முனை. இந்த முறிவை அயர்லாந்து மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் 1814லேயே விவரித்துவிட்டார், எக்ஸ்ரே வருவதற்கு எண்பது வருடம் முன்பு. வெறும் கைகளால் தடவிப் பார்த்து எழுதியவர், காலப்போக்கில் இந்தக் கை வளைவோடு இருந்தாலும் நன்றாகவே வேலை செய்யும் என்றும் சொல்லியிருந்தார். எலும்பை நேராக்கியே ஆக வேண்டுமா என்ற அந்த விவாதம் இன்னும் தொடர்கிறது.

பிளேட்டின் பலம் என்ன? மணிக்கட்டின் உள்பக்கத்தைத் திறந்து, எலும்பை நேராக்கி, தகடு வைத்து ஸ்க்ரூ போடுவார்கள். எக்ஸ்ரே அழகாக இருக்கும். சில நாட்களிலேயே மணிக்கட்டை அசைக்கத் தொடங்கலாம். தனியாக வாழ்கிறவருக்கும், கையை நம்பிப் பிழைக்கிறவருக்கும் அந்த ஆரம்ப வாரங்கள் பெரிய விஷயம். ஆனால் ஒரு வருடம் கழித்து? ஆஸ்திரியாவில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன 73 பேரை வைத்து, பிளேட்டையும் மாவுக்கட்டையும் ஒப்பிட்டுச் செய்த ஆய்வு 2011ல் வெளியானது. பிளேட் வைத்தவர்களின் எலும்பு நேராக இருந்தது, பிடி வலுவும் கூடுதல். ஆனால் வலியிலும், கை எவ்வளவு தூரம் மடங்குகிறது என்பதிலும், அன்றாட வேலையிலும் வித்தியாசம் இல்லை. சிக்கல்களோ பிளேட் பக்கம் 13, மாவுக்கட்டுப் பக்கம் 5. தகட்டின் விளிம்பு உரசி, கட்டைவிரலை மடக்கும் தசைநாண் அறுந்துபோவதும் உண்டு.

மாவுக்கட்டுக்கும் ஒரு விலை இருக்கிறது, அதை யாரும் சரியாகச் சொல்வதில்லை. பிரிட்டனில் 500 பேரை வைத்து நடந்த, 2022ல் வெளியான ஆய்வில், இழுத்து நேராக்கியபின் கம்பி செருகுவதையும் வெறும் மாவுக்கட்டையும் ஒப்பிட்டார்கள். ஒரு வருட முடிவில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் மாவுக்கட்டு போட்டவர்களில் 13 சதவீதம் பேருக்கு முதல் ஆறு வாரங்களுக்குள் எலும்பு நகர்ந்து, பிறகு ஆபரேஷன் தேவைப்பட்டது. ஆக, மாவுக்கட்டு என்றால் கட்டிவிட்டு வீட்டுக்குப் போவது அல்ல. முதல் இரண்டு மூன்று வாரங்கள் வாராவாரம் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு எலும்பு ஒட்ட ஆரம்பித்துவிடும், நகர்ந்ததைத் திருப்பி வைப்பது கஷ்டம்.

அத்தை புத்தூர் கட்டுக்குப் போகலாம் என்றார். சென்னையில் அந்த போர்டு இல்லாத ஏரியா அபூர்வம். மூங்கில் பத்தை, முட்டை வெள்ளைக்கரு, பச்சிலை, துணிக்கட்டு. தலைமுறை தலைமுறையாக மக்கள் வைத்திருக்கும் நம்பிக்கையை நான் குறைத்துப் பேசமாட்டேன். விலகாத எளிய முறிவு எப்படிக் கட்டினாலும் பெரும்பாலும் கூடிவிடும். எனக்கிருக்கும் பயம் வேறு. வீக்கம் ஏறும்போது கட்டு இளகாவிட்டால் முன்கைத் தசைக்கு ரத்தம் போகாமல் விரல்கள் நிரந்தரமாக மடங்கிப்போகலாம். ஜெர்மன் மருத்துவர் ஃபோல்க்மான் 1881ல் எழுதியது இதைத்தான். இறுக்கமான மாவுக்கட்டிலும் இதே ஆபத்து உண்டு, அதனால்தான் முதலில் கையை முழுதாகச் சுற்றாத அரைக்கட்டு மட்டும் போடுகிறார்கள். விரலை நீட்டிவிட்டால் வலி உயிர் போகிறதா, விரல் மரத்து வெளுக்கிறதா, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

சரி, ஆபரேஷன்தான் என்று தயங்காமல் சொல்ல வேண்டிய இடங்களும் உண்டு. எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தால், மூட்டுப் பரப்பு படிக்கட்டு மாதிரி விலகியிருந்தால், பைக் விபத்தில் பெரியவர்களுக்கு முன்கையின் நடுவே இரண்டு எலும்பும் உடைந்தால். நடுவில் ஆரை எலும்புக்கு இயல்பாகவே ஒரு வளைவு உண்டு. அது கெட்டால் அந்தத் தீர்த்தம் வாங்கும் திருப்பம் போய்விடும். குழந்தைகள் கதை வேறு. வளரும் எலும்பு கொஞ்சம் கோணலைத் தானே நிமிர்த்திக்கொள்ளும்.

அம்மாவுக்கு நாங்கள் எடுத்தது மாவுக்கட்டு. இரண்டாவது டாக்டர் கையை மரத்துப்போக வைத்து, இழுத்து நேராக்கிக் கட்டிவிட்டு, "அம்மா, விரலையும் தோளையும் சும்மா விடாதீங்க, மணிக்கொரு தரம் அசைங்க" என்றார். அம்மா ஒவ்வொரு மணிக்கும் விரல் மடக்கிப் பத்து எண்ணினார். இரண்டாவது எக்ஸ்ரேயில் எலும்பு லேசாகச் சாய்ந்திருந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. இந்த வயதில் இந்த அளவு பரவாயில்லை என்று டாக்டர் விட்டுவிட்டார், நாங்களும் ஒப்புக்கொண்டோம். ஆறாவது வாரம் கட்டைப் பிரித்தார்கள். மணிக்கட்டில் இன்றும் சின்ன மேடு தெரிகிறது. ஈரப் புடவையைப் பிழிய என்னைக் கூப்பிடுகிறார். புள்ளிக் கோலம் போடுகிறார், சாதம் பிசைந்து தானே சாப்பிடுகிறார். நின்ற உயரத்திலிருந்து விழுந்து எலும்பு முறிந்தால் எலும்பு அடர்த்தி குறைந்து பலவீனமாகியிருக்கலாம், அடுத்தது இடுப்பாகவும் இருக்கலாம் என்பதால், கட்டு பிரித்த அன்றே எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேனுக்கும் எழுதி வாங்கிக்கொண்டு வந்தோம்.