கடலோர ஊருக்குக் கேமராவா, ஃபோனா?

அடுத்த கடலோரப் பயணத்துக்கு மிரர்லெஸ் கேமராவை (லென்ஸைக் கழற்றி மாட்டும் வகை) வீட்டிலேயே விட்டுவிட்டு ஃபோனோடு போவது என்று முடிவு செய்துவிட்டேன். சின்னக் கடலோர ஊர்களில் நான் தேடித்தேடி எடுப்பது அங்கிருக்கும் விசித்திரமான அடையாளங்களைத்தான். ரவுண்டானாவில் வாய் பிளந்து நிற்கும் சிமெண்ட் மீன், பூங்கா நடுவில் நட்டுவைத்த துருப்பிடித்த நங்கூரம், பழைய படகைக் கவிழ்த்துக் கூரையாக்கிய நிழற்குடை, இப்படி. இதற்கு எது தோது என்று இரண்டையும் தூக்கிக்கொண்டு மூன்று பயணம் அலைந்து பார்த்தாயிற்று.

படத்தின் தரம் என்று பார்த்தால் கேமராதான், அதில் வாதமே இல்லை. ஒளியைப் படமாக்கும் சென்சார், ஃபுல் ஃபிரேம் கேமராவில் 36க்கு 24 மில்லிமீட்டர், ஃபோனில் இருப்பது விரல் நகத்தளவு. எடை, பை, தொலைந்துவிடுமோ என்ற பயம் எல்லாம் தெரிந்த கதை.

தூரக் கணக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன். தெற்கு ஆஸ்திரேலியாவில் கிங்ஸ்டன் என்ற கடலோர ஊரில் 1979 முதல் ஒரு சிங்கி இறால் சிலை நிற்கிறது, உயரம் 17 மீட்டர். (நேரில் பார்த்ததில்லை, ஆசை இருக்கிறது.) ஃபோனின் மெயின் லென்ஸ் ஏறக்குறைய ஃபுல் ஃபிரேம் கேமராவின் 24 மி.மீ. லென்ஸுக்குச் சமம் (இந்த எண் குறையக் குறையக் காட்சி அகலமாகும்). அதை அண்ணாத்தாமல் நேராக, நெட்டுவாக்கில் பிடித்தால் 20 மீட்டர் சொச்சம் தள்ளி நின்றாலே இறால் முழுசாக அடங்கிவிடும். 50 மி.மீ. லென்ஸோடு நின்றால் 40 மீட்டருக்கு மேல் பின்னால் போக வேண்டும், அதற்குள் நடுவில் கார்களும் மின்கம்பிகளும் வந்துவிடும். கிட்டே போய் ஃபோனின் இன்னும் அகலமான அல்ட்ரா வைடு லென்ஸில் எடுத்தால் கீழ்ப்பகுதி பூதாகாரமாகி உச்சி சுருங்கும், ஆனால் இந்த மாதிரி சிலைக்கு அந்தக் கோணல்தான் அழகு. கேமராவிலும் வைடு லென்ஸ் மாட்டலாம் என்பீர்கள். மாட்டலாம், ஆனால் கடற்காற்றில் லென்ஸைக் கழற்ற வேண்டுமே.

என் முடிவே அந்தக் காற்றில் வரும் உப்பால் வந்ததுதான். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அலை உடையும்போது கிளம்பும் நுண்துளிகள் காற்றில் மிதந்து வந்து எல்லாவற்றின் மேலும் படியும், கடற்கரைச் சாலையில் ஒரு மணி நேரம் நடந்தால் மூக்குக் கண்ணாடியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். காய்ந்தால் சரியாகிவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு அந்த ஈரத்தை இழுத்துக்கொண்டு தானே கரைய ஆரம்பிக்கும், கடலோர இரவுகளில் அந்த அளவு ஈரப்பதம் சர்வ சாதாரணம். ஆக, பகலில் பொடியாக ஒட்டியது ராத்திரி உப்புநீராகி ஜூம் வளையத்தின் இடுக்கிலும், ஃபிளாஷ் மாட்டும் இடத்தின் உலோகத்திலும் மெல்ல இறங்குகிறது. என் ஜூம் லென்ஸ் மூன்றாவது பயணத்தில் கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்தது. அதைப் பிரித்துச் சுத்தம் செய்ய ஆன செலவு, லென்ஸை விற்றால் கிடைக்கும் பணத்தில் பாதி.

அப்படி ஆகாமல் இருக்க தினமும் இரவு அறைக்கு வந்ததும் மணலை ஊதித் தள்ளி, நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் ஒரு தரம், உலர்ந்த துணியால் ஒரு தரம் துடைத்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைத்து மூட வேண்டும். மூன்றாம் நாள் யாருக்கு இதற்குப் பொறுமை இருக்கும்?

ஐபி68 மதிப்பீடு (தூசியும் தண்ணீரும் புகாமல் தாங்கும் அளவைச் சொல்லும் குறியீடு) உள்ள ஃபோன் என்றால் குழாயை மெல்லத் திறந்து கழுவினால் வேலை முடிந்தது. கழுவுவதற்கு முன் சட்டை நுனியால் லென்ஸைத் தேய்க்காதீர்கள், ஒட்டியிருக்கும் மணல் கீறிவிடும். சார்ஜ் போடும் துளை நன்றாகக் காய்ந்த பிறகே சார்ஜ் போடுங்கள். ஐபி68 என்றால் கடலில் முக்கலாம் என்று அர்த்தமில்லை, அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது. பழைய ஃபோனில், ஒரு முறை திறந்து ரிப்பேர் செய்த ஃபோனில், அந்த நம்பிக்கையும் வேண்டாம். தண்ணீர் புகுந்தால் வாரண்டி பெரும்பாலும் கைகொடுக்காது.

கேமராதான் வேண்டும் என்று தோன்றிய தருணங்களும் உண்டு. உச்சி வெயிலில் ஃபோன் திரை ஒன்றும் தெரியாது, குத்துமதிப்பாகத்தான் எடுப்போம், அங்கே கேமராவில் கண்ணை ஒட்டி வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் ஒரு வரம். தூண்டில் வளைவின் (கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) கோடியில் நிற்கும் கலங்கரை விளக்கத்தை 200 மி.மீ.யில் இழுத்து எடுத்த படத்துக்கு ஃபோன் ஜூம் பக்கத்தில்கூட வராது.

ஓஎம் சிஸ்டம் டிஜி-7 மாதிரி நீர்புகாக் குட்டிக் கேமரா மூன்றாவது வழி. 15 மீட்டர் ஆழம் வரை தாங்கும், 25இலிருந்து 100 மி.மீ. வரை ஜூம், அதுவும் லென்ஸ் வெளியே நீளாமல். நண்பரிடம் இரவல் வாங்கி இரண்டு நாள்தான் வைத்திருந்தேன், பகலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சென்சார் ஃபோன் அளவுதான், இருட்டிய பிறகு எடுத்துப் பார்க்கவும் இல்லை, அதனால் வாங்குங்கள் என்றோ வேண்டாம் என்றோ நான் சொல்வது நியாயமாக இருக்காது.

மிரர்லெஸ்ஸை விற்கவில்லை. மலைப்பக்கம் போகும்போது அதைத்தான் எடுத்துப் போகிறேன்.