பைபாஸுக்குப் பின் 12 வகுப்புகள்: பினாங்கில் ஓர் இதய மறுவாழ்வுப் பயிற்சி

பைபாஸ் அறுவைச் சிகிச்சை முடிந்த ஆறாவது வாரத்தில், பினாங்குத் தீவிலுள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் இதய மறுவாழ்வுப் பயிற்சியில் சேர்ந்தேன். வாரத்துக்கு இரண்டு நாள், ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் என்று மொத்தம் 12 வகுப்புகள். குறைகளையும் சொல்லவிருப்பதால் மருத்துவமனையின் பெயரைத் தவிர்க்கிறேன்.

சேர்வதற்கு முன்பு என் நிலைமை வேடிக்கையானது. தண்ணீர்ச் சொம்பைத் தூக்கினாலும் மனைவி ஓடி வந்து வாங்கிக்கொள்வார். ஆயர் ஈத்தாமிலிருந்து வரும் அண்ணனோ, “பேசாம படுத்திருடா தம்பி” என்பதோடு சரி. அறுத்துக் கம்பியால் கட்டிய நெஞ்செலும்பு ஒன்றுசேர ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும் என்பதும், அதுவரை கனமான எதையும் தூக்கவோ கைகளை ஊன்றி எழவோ கூடாது என்பதும் உண்மைதான். ஆனால் கைக்குச் சொன்ன கட்டுப்பாட்டைக் காலுக்கும் சேர்த்துப் போட்டுக்கொண்டு, நான் ஒரு மாதத்துக்கு மேல் நாற்காலியிலேயே கழித்திருந்தேன்.

முதல் நாள் ஆறு நிமிட நடைச் சோதனை. 30 மீட்டர் இடைவெளியில் இரண்டு கூம்புகளை வைத்து, ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறோம் என்று அளக்கிறார்கள். இடையில் நிற்கலாம், ஆனால் கடிகாரம் நிற்காது. நான் நடந்தது 310 மீட்டர். பிறகு நெஞ்சில் ஈசிஜி ஒட்டிகளைப் பொருத்தி, சிறு கருவியொன்றை இடுப்பில் செருகிவிட்டார்கள். டிரெட்மில்லில் நடக்கும்போது தாதியின் மேசைத் திரையில் என் துடிப்பு ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பயம் விட்டது. கொடுத்த பணத்துக்கு இது ஒன்றே போதும் என்றுகூட அன்று தோன்றியது.

இப்பயிற்சியின் உயிர்நாடி, உடலுழைப்பு எவ்வளவு கடினமாகத் தோன்றுகிறது என்பதை எண்ணால் சொல்ல, ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் குன்னார் போர்க் வகுத்த அளவுகோல்தான். சும்மா இருப்பது 6, இனி ஓரடியும் முடியாது என்பது 20. பத்தால் பெருக்கினால் ஆரோக்கியமான இளைஞரின் இதயத்துடிப்பு ஏறக்குறைய வரும் என்பதாலேயே அது 6இல் தொடங்குகிறது. துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடும் எங்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்பி வேகத்தைக் கூட்டினால் வம்புதான். ஆகவே நமக்கு எவ்வளவு கடினமாக இருக்கிறது என்பதை நாமே எண்ணாகச் சொல்ல வேண்டும். எங்களை 11க்கும் 13க்கும் இடையில் வைத்திருப்பதே பிசியோதெரபிஸ்டின் வேலை.

இங்கேதான் முதல் குறை. இந்த அளவுகோலை எழுதிய அட்டை மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருந்தது. பக்கத்துச் சைக்கிளில் மிதித்த பெரியவர், பிசியோதெரபிஸ்டான இளம்பெண் எப்போது கேட்டாலும் “போலே, போலே” (மலாயில் ‘முடியும்’) என்று தலையாட்டுவார்; அந்தப் பெண்ணும் 11 என்று எழுதிக்கொள்வார். சட்டையெல்லாம் நனைந்து வெளியே வந்ததும் பெரியவர் என்னிடம், “மூச்சு முட்டுதுப்பா” என்பார். நான்காம் வகுப்புக்கு என் மகள் எழுதிய தமிழ் அட்டையைக் கொண்டுபோனேன்: 11, பேசிக்கொண்டே செய்யலாம், 13, பேச்சு விட்டு விட்டு வரும், 15, பேசவே தோன்றாது. பெரியவர் அன்று விரல் வைத்துக் காட்டியது 15. உடனே சைக்கிளின் இறுக்கத்தைக் குறைத்தார்கள்.

இரண்டாவது குறையை இலேசாக விட முடியாது. கடைசிப் பத்து நிமிடம் வேகத்தைப் படிப்படியாகக் குறைப்பதற்கு உரியது. சட்டென்று நின்றால் இரத்தம் கால்களிலேயே தேங்கி, அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். ஒரு நாள் அடுத்தவர் காத்திருக்கிறார் என்று என்னை மூன்றே நிமிடத்தில் இறக்கிவிட்டார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தாதி உடனே உட்கார வைத்து அழுத்தம் பார்த்தார், மன்னிப்பும் கேட்டார். இருந்தாலும் நான்கு டிரெட்மில்லுக்கு ஆறு பேரைச் சேர்த்தால் இப்படித்தான் ஆகும். இனிப்புநீர் உள்ளவர்களுக்கு ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே சர்க்கரை அளவைப் பார்ப்பதில் மட்டும் அவர்கள் ஒருநாளும் தவறியதில்லை.

கடைசி நாள் நடைச் சோதனையில் 445 மீட்டர் நடந்தேன். தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளை ஏறலாமா என்று கேட்டதற்கு, பிசியோதெரபிஸ்ட் பயிற்சிப் பலகையில் என்னைப் பத்து நிமிடம் ஏறி இறங்கச் செய்து துடிப்பைப் பார்த்துவிட்டு, மருத்துவரைக் கேட்டு, காலை வெயிலுக்கு முன், 50 படிக்கு ஒருமுறை நின்று ஏறுங்கள் என்றார்.

என் காப்புறுதி அறுவைச் சிகிச்சைக்குக் கட்டியது, இதற்குக் கட்டவில்லை. சேரும் முன் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். வகுப்புகள் வார நாள்களின் காலையில் மட்டுமே நடப்பதால், வேலைக்குத் திரும்பிவிட்டவர்களுக்கு இது ஒத்துவராது. தமிழ் அட்டையை அங்கேயே விட்டு வந்திருக்கிறேன்; முதல் டிரெட்மில்லின் கைப்பிடியில் கட்டியிருக்கும், கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.