சொந்தச் சத்திரமா, வணிகக் கூட்டத்தில் பங்கா?

டிராகனைக் கொன்று பொன் சேர்த்தாயிற்று. சரி, எதில் போடுவது?

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கற்பனைச் சாகச ஆட்டத்தின் 5ஆம் பதிப்பில், 2014 விதிகளில் சத்திரம் நடத்துவதற்குக் கணக்கு உண்டு. சதவீதப் பகடை (1 முதல் 100 வரை) உருட்டி, தொழிலில் செலவிட்ட நாட்களை (அதிகபட்சம் 30) கூட்ட வேண்டும். 20க்குள் வந்தால் பராமரிப்புச் செலவில் ஒன்றரை மடங்கு கையிலிருந்து போகும். 91ஐத் தொட்டால் 15 முதல் 150 பொற்காசு வரை லாபம். 30 நாளும் கல்லாவில் உட்கார்ந்தால் மொத்தம் 31க்குக் கீழே இறங்காது. ஆனால் அப்புறம் சாகசத்துக்கு யார் போவது?

ஊர் ஊராகச் சரக்கு கொண்டுபோகும் வணிகக் கூட்டத்தில் பங்கு போட்டால் நாள் செலவில்லை. அட்டவணையும் இல்லை, ஆட்டத்தை நடத்துபவர் வைத்ததுதான் லாபம். வழியில் கொள்ளையர் மறித்தால் போட்ட முதலே போகலாம். அதுவே அடுத்த சாகசமாகவும் ஆகும் என்பதால் என் ஓட்டு இதற்குத்தான்.