அப்கிரேடுக்குப் பிறகு எழாத உபுண்டு லேப்டாப்: பழுது பார்ப்பதா, புதிதாக நிறுவுவதா?

உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 22.04 பதிப்பிலிருந்து 24.04-க்கு மாறும் வேலையை ஒரு ஞாயிறு மாலை தொடங்கினேன். நடுவில் ஒரு பிழைச் செய்தி வந்தது. சரியாகப் படிக்காமல் மூடிவிட்டேன். இரவு பத்து மணிக்கு ரீஸ்டார்ட் கேட்டது, கொடுத்தேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வந்து நின்றன: கெர்னல் பேனிக் (சிஸ்டத்தின் மையமான கெர்னல் தொடர முடியாமல் நின்றுவிட்டது), ரூட் வட்டை, அதாவது சிஸ்டம் இருக்கும் பகுதியை, மவுன்ட் செய்ய (இணைக்க) முடியவில்லை. மறுநாள் மதியத்துக்குள் அனுப்ப வேண்டிய ஒரு மொழிபெயர்ப்பு அந்த லேப்டாப்புக்குள்ளேயே இருந்தது.

உபுண்டுவில் முந்தைய பதிப்புக்குத் திரும்பிப் போகும் வசதி கிடையாது. இருந்தவை மூன்று வழிகள்: கடைக்குக் கொண்டுபோவது, புதிதாக நிறுவுவது, உள்ளே இருப்பதை அப்படியே வைத்துக்கொண்டு பழுது பார்ப்பது. நான் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தேன். இப்போதும் என் ஓட்டு அதற்குத்தான்.

கடையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. காலையில் பக்கத்துத் தெருக் கடையில் விசாரித்தேன். லினக்ஸ் என்றதும் "ஃபார்மட் பண்ணித் தரேன் சார், 600 ரூபாய்" என்றார். அவர் மீது குறை இல்லை, ஒரு மெஷினுக்காக மூன்று மணி நேரம் உட்கார அவருக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் என் வட்டு குறியாக்கம் செய்யப்பட்டது. பழுது பார்க்கக் கொடுத்தால் கடவுச்சொல்லையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஃபார்மட் மட்டும்தான் என்றால் அதை நானே வீட்டில் செய்துகொள்ளலாம். ஹார்ட்வேர் பழுதுக்குக் கடை வேண்டும், இதற்கு வேண்டாம்.

மற்ற இரண்டில் எதை எடுத்தாலும் முதல் வேலை ஒன்றுதான். 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் வேறு கணினியிலிருந்து உபுண்டு 24.04-ஐ ஏற்றி, அதிலிருந்து லேப்டாப்பைத் தொடங்கி, நிறுவாமல் முயன்று பார்க்கும் வழியில் நுழையுங்கள். உள் வட்டைத் திறந்து, தேவையான கோப்புகளை எல்லாம் வெளி ஹார்டு டிஸ்குக்கு நகல் எடுங்கள். என் மொழிபெயர்ப்பு அப்படித்தான் வெளியே வந்தது, அந்த பென்டிரைவ் உபுண்டுவிலேயே முடித்து அனுப்பியும் விட்டேன். அதன் பிறகுதான் நிதானமாக யோசிக்க முடிந்தது. அப்புறம் வட்டின் ஸ்மார்ட் விவரத்தையும் (வட்டு தன் ஆரோக்கியத்தைப் பற்றித் தானே பதிந்துவைப்பது) பாருங்கள். வட்டே சாகக் கிடக்கிறது என்றால் இந்த ஒப்பீட்டுக்கே இடமில்லை, புது வட்டு வாங்க வேண்டியதுதான்.

இனி புதிதாக நிறுவுவது. இதன் பலம் எல்லாருக்கும் தெரியும்: அரை மணி நேரத்தில் முடியும், மூளையைக் கசக்க வேண்டாம். உங்கள் கோப்புகளும் அமைப்புகளும் இருக்கும் ஹோம், வட்டில் தனிப் பார்ட்டிஷனாக (பிரிவாக) இருந்தால் அதை ஃபார்மட் செய்யாமல் விட்டு, ரூட்டை மட்டும் அழித்து நிறுவலாம். உலாவியின் புத்தகக்குறிகள், லிப்ரே ஆஃபிஸில் நான் சேர்த்துவைத்த சொந்த அகராதி, டெஸ்க்டாப் அமைப்புகள் எல்லாம் ஹோமில் இருப்பதால் தப்பிக்கும். ஹோமுக்கு வெளியே இருப்பவை தப்பாது. சிஸ்டம் முழுமைக்கும் போட்ட தமிழ் எழுத்துருக்கள், தமிழ்99 தட்டச்சுக்கான ஐபஸ் பொதிகள் (மென்பொருள் தொகுப்புகள்), படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் டெசராக்ட்டின் தமிழ்த் தரவு, பிரின்டர் அமைப்பு எல்லாவற்றையும் மறுபடி போட வேண்டும். இவை வெறும் நேரச் செலவு. நிஜமான இழப்பு வேறு இடத்தில் இருக்கிறது: மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளங்களும் டாக்கர் வால்யூம்களும் (டாக்கரில் ஓடும் செயலிகளின் தரவு) வழக்கமாக ஹோமில் இருப்பதில்லை, ரூட்டிலேயே 'வார்' ஃபோல்டருக்குள் இருக்கும். "ஹோமை நகல் எடுத்தாயிற்று" என்று நிம்மதியாக அழித்தால் அவை போனது போனதுதான். எஸ்எஸ்டியில் அழிந்ததை மீட்பது மிகக் கடினம்.

பழுது பார்க்கும் வழி எனக்கு மூன்று மணி நேரம் பிடித்தது. ஒரு மணி நேரம் என் தவறால் போனது, அதையும் சொல்கிறேன்.

முதலில் எளிதானதை முயன்றேன். லேப்டாப் தொடங்கும்போது எஸ்கேப் விசையைத் தட்டினால் கிரப் என்ற தொடக்க நிரலின் பட்டியல் வரும், அதில் மேம்பட்ட தெரிவுகளுக்குள் பழைய கெர்னல்கள் இருக்கும். பலருக்கு இதுவே போதும். எனக்குப் பழைய கெர்னல் வட்டின் கடவுச்சொல்லைக் கேட்டது, கொடுத்ததும் கறுப்புத் திரையோடு நின்றது. பொதிகள் பாதி மட்டும் அமைந்த நிலையில் சிஸ்டம் இருந்தது என்பது இதிலிருந்து புரிந்தது. அங்கேயே ரெகவரி மோடும் இருக்கிறது. ஆனால் அதில் வைஃபையைத் தொடுக்கப் பெரும்பாடு படவேண்டும், கம்பி இணைப்பு இருப்பவர்களுக்கே அது வசதி. எனவே பென்டிரைவ் வழியாகவே போனேன்.

அதன் சாரம் இதுதான். உள் வட்டின் ரூட், பூட் (கெர்னல்கள் இருப்பது), இஎஃப்ஐ (கணினி முதலில் தேடும் தொடக்க நிரல் இருப்பது) மூன்று பார்ட்டிஷன்களையும் அதனதன் இடத்தில் மவுன்ட் செய்து, பென்டிரைவ் உபுண்டுவின் டெவ், ப்ராக், சிஸ் மூன்றையும் (வன்பொருளையும் ஓடும் கெர்னலையும் காட்டும் ஃபோல்டர்கள்) அதனுள் இணைத்து, சிஎச்-ரூட் கட்டளையால் உள்ளே நுழைவது. நுழைந்த பிறகு டெர்மினலில் தட்டுவதெல்லாம் உங்கள் பழைய சிஸ்டத்திலேயே நடக்கும். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குள் ஜன்னல் வழியாக இறங்கி, உள்ளே இருந்து தாழ்ப்பாளைச் சரிசெய்வது போல.

உள்ளே போனதும் நான் பார்த்தது பூட் பார்ட்டிஷனின் அளவு. 100 சதவீதம் நிரம்பியிருந்தது. மொத்தமே 700 எம்பி சொச்சம். இந்த லேப்டாப்பில் முதலில் நிறுவியது 18.04. குறியாக்கத்தோடு நிறுவியதால் பூட் தனிப் பார்ட்டிஷனாக அமைந்துவிட்டது. அதன் பிறகு ஒவ்வொரு பதிப்பாக மேலே ஏற்றிக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு கெர்னலுக்கும் இனிட்ராம்எஃப்எஸ் என்ற தொடக்கக் கோப்பு ஒன்று அங்கே உருவாகும். என்விடியா டிரைவரும் சேர்ந்ததில் என் மெஷினில் ஒவ்வொன்றும் 150 எம்பியைத் தாண்டியிருந்தது. புதுக் கெர்னலுக்கான கோப்பை எழுத இடமில்லை. கோப்பு இல்லாமலே கிரப் பட்டியலில் கெர்னல் ஏறிவிட்டது, குறியாக்கத்தைத் திறந்துவிட ஆளில்லாமல் பேனிக் ஆனது.

காரணம் தெரிந்ததும் வேலை சுருங்கிவிட்டது. பழைய கெர்னல் ஒன்றின் தொடக்கக் கோப்பை அழிக்காமல் வெளி வட்டுக்கு நகர்த்தினேன், இடம் கிடைத்தது. பொதிகளை நிறுவும் டிபிகேஜி கட்டளையிடம் பாதியில் நின்ற பொதிகளை அமைக்கச் சொன்னேன், பிறகு ஏப்டி கட்டளையிடம் உடைந்தவற்றைச் சரிசெய்யச் சொன்னேன், தேவையற்ற கெர்னல்களை நீக்கினேன், தொடக்கக் கோப்பைப் புதிதாக உருவாக்கி கிரப்பைப் புதுப்பித்தேன்.

ரீஸ்டார்ட் செய்தால் கடவுச்சொல்லே கேட்காமல் இனிட்ராம்எஃப்எஸ் என்ற வெற்றுக் கட்டளை வரியில் போய் நின்றது. அந்த ஒரு மணி நேரம் இங்கேதான் போனது. பென்டிரைவில் இருந்தபோது குறியாக்க வட்டைக் கோப்பு மேலாளரில் கிளிக் செய்து திறந்திருந்தேன். அப்படித் திறந்தால் அது வட்டுக்குத் தானாக ஒரு நீளப் பெயர் வைக்கும். என் சிஸ்டத்தின் கிரிப்ட்டேப் கோப்பில் (குறியாக்க வட்டுகளின் பட்டியல்) இருந்த பெயர் வேறு. இரண்டும் பொருந்தாததால், புதிதாக உருவான தொடக்கக் கோப்பில் வட்டைத் திறக்கும் வழி சேரவில்லை. உருவாக்கும்போது எச்சரிக்கை ஒன்று வந்தது, கவனிக்கத் தவறினேன். மறுபடி பென்டிரைவ், இந்த முறை கிரிப்ட்செட்டப் கட்டளையில் அதே பெயரைக் கொடுத்துத் திறந்து, கடைசிப் படியை மட்டும் திரும்பச் செய்தேன். கடவுச்சொல் கேட்டது, உள்ளே போனது. குறியாக்கம் உள்ளவர்கள் இந்த ஒரு இடத்தை மட்டும் மறக்காதீர்கள்.

மூன்று மணி நேரமா, அரை மணி நேரமா என்று கேட்டால் புதிதாக நிறுவுவதுதான் ஜெயிக்கும். ஆனாலும் நான் பழுது பார்ப்பதன் பக்கம் நிற்கிறேன் என்றால், அதற்கு ஒரே காரணம் இதுதான்: ஏன் எழவில்லை என்று தெரிந்துகொள்வது. அழித்து நிறுவினால் அந்தக் காரணமும் சேர்ந்து அழிந்துவிடும், நோய் மட்டும் அப்படியே இருக்கலாம். என் மெஷினையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பார்ட்டிஷன் அமைப்பை விட்டுவைத்து ரூட்டை மட்டும் அழித்திருந்தால், அதே 700 எம்பி பூட் அப்படியே இருந்திருக்கும். சில மாதங்களில் கெர்னல் அப்டேட்டுகள் அதை மீண்டும் நிரப்பியிருக்கும். நண்பர் ஒருவருக்கு அச்சு அசலாக இதுதான் நடந்தது. அவர் பூட் 500 எம்பிக்கும் குறைவு. ஒரே வருடத்தில் இரண்டு முறை புதிதாக நிறுவினார். இரண்டாவது முறை நான் கேட்ட பிறகுதான் பூட்டின் அளவைப் பார்த்தார்.

வட்டு முழுவதையும் அழித்து நிறுவினால் இந்தச் சிக்கல் தீரும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 24.04-இன் நிறுவி பூட்டுக்குப் பழையதைவிடத் தாராளமாக இடம் ஒதுக்குகிறது. ஆனால் அப்படிச் செய்தால் ஹோமும் சேர்ந்து போகும். என் முடிவு வேறு விதமாக இருந்திருக்கக்கூடிய நிலை ஒன்றும் உண்டு: ஏறக்குறைய எல்லா நிரல்களும் சார்ந்திருக்கும் சி நூலகம் மாறும் நேரத்தில் அப்கிரேடு அறுந்திருந்தால் சிஎச்-ரூட்டே உள்ளே விடாது, கட்டளைகளை வாங்கும் பேஷ் ஓடவில்லை என்று வாசலிலேயே நின்றுவிடும். அந்த நிலையில் நான் மல்லுக்கட்ட மாட்டேன், நகலைச் சரிபார்த்துவிட்டுப் புதிதாக நிறுவிவிடுவேன். விண்டோஸோடு சேர்ந்து இரட்டை பூட் வைத்திருக்கும் மெஷினில் இதை நான் செய்து பார்த்ததில்லை. அங்கே இஎஃப்ஐ பார்ட்டிஷன் இரண்டுக்கும் பொது என்பதால் கை வைக்கும் முன் பிட்லாக்கரின் (விண்டோஸின் வட்டுக் குறியாக்கம்) 48 இலக்க மீட்புச் சாவியைக் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது என் பூட் 60 சதவீதத்தில் நிற்கிறது. தொடக்கக் கோப்பைச் சுருக்கும் முறையை எக்ஸ்இசட்-ஆக மாற்றியதில் ஒவ்வொன்றும் கணிசமாகக் குறைந்தது. கோப்பை உருவாக்கும்போது சற்று நேரம் கூடுதலாகிறது, அவ்வளவுதான். கெர்னல் இரண்டுக்கு மேல் சேர விடுவதில்லை. 24.04-க்கு 2029 வரை ஆதரவு இருப்பதால் அவசரம் இல்லை. 26.04-க்குப் போகும்போது, வேலை எதுவும் தலைக்கு மேல் இல்லாத ஒரு விடுமுறை நாளில், தரவுத்தளங்கள் உட்பட எல்லாவற்றையும் நகல் எடுத்துவிட்டு, வட்டை முழுவதும் அழித்து 2 ஜிபி பூட்டோடு நிறுவப் போகிறேன்.