சோலண்ட் கடலில் ‘காம்பிடண்ட் க்ரூ’ பயிற்சி: போகலாமா?

பாய்ப்படகில் கயிறு பிடித்த பழக்கமே இல்லாதவர்களுக்கு இங்கிலாந்தில் முதலில் கை காட்டப்படுவது ஆர்.ஒய்.ஏ.வின் காம்பிடண்ட் க்ரூ (படகில் உதவத் தெரிந்த பணியாள்) பயிற்சி. ராயல் யாட்டிங் அசோசியேஷன் பாடத்திட்டத்தை வகுத்துக் கொடுக்கிறது, அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் நடத்துகின்றன. 5 நாள், சாப்பாடும் தூக்கமும் படகிலேயே, ஒரு பயிற்சியாளருக்கு அதிகபட்சம் 5 பேர். நான் போனது இங்கிலாந்தின் தென்கரையில், சோலண்ட் கடல் வழியை ஒட்டிய சவுத்தாம்டன் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கு. பேர் வேண்டாம், ஏனென்றால் குறையும் சொல்ல வேண்டியிருக்கிறது, அப்புறம் இங்கே எழுதுவதில் பெரும்பகுதி எந்தப் பள்ளிக்கும் பொருந்தும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், போங்கள். படகு ஓட்டும் ஆசையில்தான் எல்லோரும் போகிறோம், ஆனால் கொடுத்த காசுக்கு அங்கே உண்மையில் கிடைப்பது பாதுகாப்புப் பாடம்தான்.

முதல் நாள் காலையில் பாயைத் தொடவே விடவில்லை. ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட்டைக் கொடுத்து, போடுவதற்கு முன்னால் பிரித்துப் பார்க்கச் சொன்னார்கள். மடிப்பைத் திறந்தால் உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு எஃகு சிலிண்டர், கார்பன் டை ஆக்சைடு அடைத்தது, ஜாக்கெட்டின் பையை ஊத வைப்பது இதுதான். அதைத் திருகிக் கழற்றி, முனையில் ஓட்டை விழுந்திருக்கிறதா, துரு ஏறியிருக்கிறதா என்று பார்த்து, தராசில் வைத்து, சிலிண்டர் மேலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்ச எடையோடு ஒப்பிட வேண்டும். பிறகு கையாலேயே இறுக்கித் திருக வேண்டும். போட்டுக் கழற்றுவதிலும் படகின் அதிர்விலும் அது தானாகவே தளர்ந்துவிடும், தளர்ந்திருந்தால் தண்ணீரில் விழுந்தாலும் பை ஊதாமல் போகலாம். எங்கள் கூட்டத்தில் ஒருவருக்குக் கிடைத்த ஜாக்கெட்டில் சிலிண்டர் நிஜமாகவே தளர்ந்துதான் இருந்தது. கால்களுக்கு நடுவே வரும் பட்டையைக் கூச்சப்பட்டோ சோம்பல்பட்டோ விட்டுவிடுகிறவர்கள் அதிகம். அதை மாட்டாவிட்டால் பை ஊதியதும் ஜாக்கெட் மேலேறி முகத்தை அடைக்கும், ஆள் அதற்குள்ளிருந்து கீழே நழுவுவார். இதைச் செய்து காட்டிய பிறகு யாரும் பட்டையை விடவில்லை.

படகோடு நம்மைப் பிணைக்கும் வாரும் அப்படித்தான். 1979 ஃபாஸ்ட்நெட் பாய்ப்படகுப் பந்தயம் புயலில் சிக்கி 15 பந்தயக்காரர்கள் இறந்தார்கள். அந்த வாரோ அதை மாட்டியிருந்த இடமோ தாங்காமல் போனதும் சில மரணங்களுக்குக் காரணம் என்று பின்னால் விசாரணையில் தெரிந்தது. அதனால் வாரை எங்கே மாட்டுகிறோம் என்பதையும் கற்றுத் தருகிறார்கள். கைக்கு அருகில் இருக்கிறதே என்று கைப்பிடிக் கம்பியில் மாட்டக்கூடாது, அதற்கென்றே பதித்த வளையத்தில்தான் மாட்ட வேண்டும்.

இந்தப் பயிற்சியின் உயிர் என்று நான் சொல்வது ஆள் கடலில் விழுந்தால் என்ன செய்வது என்ற ஒத்திகை. ஃபெண்டரில் (படகு கரையில் உரசாமல் பக்கத்தில் தொங்கவிடும் மெத்தை) ஒரு வாளியைக் கட்டித் தண்ணீரில் எறிந்துவிட்டு ‘மேன் ஓவர்போர்டு’ என்று கத்துவார்கள். அந்த நொடியிலிருந்து ஒருவருக்கு ஒரே வேலைதான், கையை நீட்டி அதைச் சுட்டிக் காட்டிக்கொண்டே நிற்பது. கயிறு சிக்கினாலும் யார் கூப்பிட்டாலும் கண்ணை எடுக்கக் கூடாது. படகு 5 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் போனால் ஒரு நிமிடத்தில் 150 மீட்டர் தள்ளிப் போய்விடும், அரை மீட்டர் அலையிலேயே ஒரு தலை மறைந்து மறைந்து தெரியும், ஒரு தடவை விட்டுவிட்டால் திரும்பப் பிடிப்பது ரொம்பக் கஷ்டம். மற்றவர்கள் மிதவையை எறிந்து, ஜி.பி.எஸ்.ஸில் அந்த இடத்தைக் குறிக்கும் பொத்தானை அழுத்தி, படகைத் திருப்பத் தயாராக வேண்டும்.

திரும்பி வருவதில்தான் நுணுக்கம். காற்று முதுகில் அடிக்க நேராக ஆளை நோக்கிப் போனால் படகு நிற்காது, அவரைத் தாண்டிப் போய்விடும், மேலே ஏறிவிடவும் செய்யும். அதனால் சுற்றி வந்து, காற்று முன்பக்கம் சாய்வாக, ஒரு 60 டிகிரியில் வருகிற மாதிரி அணுக வேண்டும். அந்தக் கோணத்தில் கயிற்றைத் தளர்த்தினால் பாய் படபடத்து வேகம் செத்துவிடும், திரும்ப இழுத்தால் வேகம் வரும். கடைசிச் சில மீட்டரைத் தளர்த்தியும் இழுத்துமே ஊர்ந்து கடக்கலாம். பயிற்சியாளர் எங்கள் ஒவ்வொருவரையும் சுக்கானில் நிற்கவைத்து அலுக்காமல் திரும்பத் திரும்ப இதைச் செய்ய வைத்தார். அந்த ஒன்றுக்காகவே அவருக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன்.

ஆனால் இதே இடத்தில்தான் பெரிய குறையும். ஃபெண்டரைக் கொக்கியால் எடுத்துப் போட்டதோடு ஒத்திகை முடிந்துவிட்டது. உடையெல்லாம் நனைந்து மரத்துப்போன ஒரு ஆளைப் படகின் உயரத்துக்குத் தூக்குவது எப்படி என்பதை, பாய் ஏற்றும் கயிற்றை அவர் ஜாக்கெட்டில் மாட்டி வின்ச்சால் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளை) தூக்கலாம் என்று வாயால் சொன்னதோடு விட்டார்கள். மெரினாவில் (படகுகளைக் கட்டி வைக்கும் துறையில்) கட்டி நிற்கும்போது ஒரு கனமான பையை வைத்தாவது செய்து பார்த்திருக்கலாம். இரண்டு பேர் மட்டும் உள்ள படகில் ஒருவர் விழுந்தால் மிச்சமிருக்கிறவர் தனியாகச் செய்ய வேண்டிய வேலை இது, இதற்கு அரை மணி நேரம்கூட ஒதுக்காமல் விடுவது சரியில்லை.

வின்ச் பாடம் நன்றாக இருந்தது. கயிற்றை உருளையில் வலஞ்சுழியாகச் சுற்ற வேண்டும், கட்டைவிரல் உருளையின் பக்கம் போகவே கூடாது, பிடித்த முஷ்டியின் சுண்டுவிரல் பக்கம்தான் உருளையைப் பார்க்க வேண்டும். சுற்று ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பூட்டிக்கொண்டால், வேறொரு கயிற்றை ரோலிங் ஹிட்ச் முடிச்சால் அதோடு இணைத்து, பாரத்தை அதற்கு மாற்றிவிட்டு, சிக்கலைப் பிரிக்கலாம். முடிச்சுகளை வெறும் முடிச்சுகளாகச் சொல்லிக் கொடுக்காமல் இப்படித் தேவை வந்த இடத்தில் சொல்லிக் கொடுத்ததால் கை மறக்கவில்லை. கரையில் ஒட்டும்போது குதிக்காமல் காலை எடுத்து வைத்து இறங்குவது, நகரும் படகைக் காலால் தடுக்காமல் ஃபெண்டரை நுழைப்பது, சமைத்து முடித்ததும் கேஸ் வால்வை மூடுவது (கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் படகின் அடியில் போய்த் தேங்கும்) எல்லாம் பழக்கமாகிவிடுகின்றன.

ஏன் சோலண்ட்? ஐல் ஆஃப் வைட் தீவுக்கும் கரைக்கும் நடுவில் இருக்கிற இந்தக் கடல் வழியில் நீரோட்டம் சும்மா இருக்காது. ஹர்ஸ்ட் கோட்டை முனையில் வலுவான நாட்களில் 4 நாட் வரை ஓடும், அதை எதிர்த்து 5 நாட் வேகத்தில் போனால் கரை அசையவே அசையாது. போதாக்குறைக்கு சவுத்தாம்டனுக்கு வரும் பெரிய கண்டெய்னர் கப்பல்கள். 150 மீட்டருக்கு மேல் நீளமான கப்பல் சவுத்தாம்டனுக்குப் போகும் குறுகலான பகுதியில் போகும்போது அதன் முன்னால் 1000 மீட்டருக்கும், இரு பக்கமும் 100 மீட்டருக்கும் சின்னப் படகுகள் நுழையக் கூடாது. பாய்ப்படகுக்குத்தான் முன்னுரிமை என்று புத்தகத்தில் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு அந்தக் கப்பலை நேரில் பார்த்ததும் விஷயம் புரிந்துவிடும். இருட்டில் தீவிலுள்ள கௌஸ் ஊர்ப் பக்கம் மிதவை விளக்குகளை எண்ணிக்கொண்டு வந்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆபத்தைச் சுற்றி வைத்த மிதவைகளில் கிழக்கில் 3 மினுக்கல், தெற்கில் 6 மினுக்கலும் ஒரு நீண்டதும், மேற்கில் 9, வடக்கில் விடாமல். கடிகார முகம் மாதிரி என்று சொன்னதும் எல்லோருக்கும் பதிந்துவிட்டது.

ரேடியோவுக்கு இன்னும் நேரம் கொடுத்திருக்கலாம். அவசர அழைப்புக்கான சானல் 16, ஆபத்தில் அழுத்தும் சிவப்புப் பொத்தான், ‘மேடே’ என்று உதவி கேட்கும்போது சொல்ல வேண்டியவற்றின் வரிசை எல்லாம் ஒரு அட்டையில் ஒட்டியிருந்தது, ஆளாளுக்கு ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கவில்லை. வி.எச்.எஃப். என்னும் இந்தப் படகு ரேடியோவுக்கான சான்றிதழுக்குத் தனியாக ஒரு நாள் வகுப்பு உண்டு, சேர்த்தே முடித்துவிடுங்கள்.

சைவம் என்றால் முன்கூட்டியே எழுதிச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பாஸ்தாவும் சீஸும்தான், ஒரு டப்பா பருப்புப் பொடி கொண்டுபோனால் நல்லது. நீச்சல் தெரியாதென்றாலும் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள், மறைக்காதீர்கள். குமட்டல் மாத்திரையைப் புறப்படுவதற்கு முன்பே போடுங்கள், அலையில் கீழே கேபினுக்குள் போகாமல் தொடுவானத்தைப் பார்த்துச் சுக்கான் பிடித்தால் பாதி சரியாகிவிடும். மே மாதத்தில்கூடத் தண்ணீர் 12, 13 டிகிரிதான், காற்று இன்னும் குளிரும், கையுறையும் நல்ல மழைக்கோட்டும் கட்டாயம்.

இதற்கு அடுத்த படி டே ஸ்கிப்பர், அதாவது படகைத் தானே பொறுப்பேற்று ஓட்டுவதற்கான பயிற்சி. அதற்கு 5 நாள், 100 மைல், 4 மணி நேர இரவுப் பயணம் முன் அனுபவமாகக் கேட்பார்கள், எனவே இப்போதே லாக் புத்தகத்தில் (பயணப் பதிவேடு) எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது படகின் வயதையும் கட்டணத்தையும் விசாரிப்பதோடு, விழுந்த ஆளைப் படகில் ஏற்றுவதை நிஜமாகச் செய்ய வைப்பீர்களா என்றும் கேளுங்கள். மழுப்பினால் அடுத்த பள்ளிக்கு போன் போடுங்கள்.