கடைமடைக்கு எந்த மென்பொருள்?

மேட்டூரின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. காவிரி டெல்டாவில் எந்த டீக்கடையில் கேட்டாலும் இதைச் சொல்லிவிடுவார்கள். வழக்கப்படி ஜூன் 12இல் திறக்கும் தண்ணீர், பாசனத்தின் கடைசி முனையான கடைமடையில், திருத்துறைப்பூண்டிப் பக்கம் எந்த வாய்க்காலுக்கு என்றைக்கு வரும் என்று கேளுங்கள், பேச்சு இழுபடும். அதைக் கணக்கிட்டு, குடிநீரையும் சேர்த்துப் பங்கு போட கியூஜிஐஎஸ் (QGIS), ஸ்வாட் (SWAT), வீப் (WEAP) என்ற மூன்று மென்பொருள்களில் எது உதவும்?

கியூஜிஐஎஸ் வரைபட மென்பொருள், இலவசம். வாய்க்கால், மதகு, மேல்நிலைத் தொட்டி, உப்பேறிய கிணறு என்று அடுக்கடுக்காக வைத்துப் பார்க்கலாம். வருவாய்க் கிராம எல்லையும் ஆயக்கட்டு (ஒரு வாய்க்காலில் பாசனம் பெறும் நிலம்) எல்லையும் ஒன்றல்ல என்பது அந்த அடுக்குகளை வைத்த முதல் நாளே தெரிந்துவிடும். ஒரே ஊரின் பாதி ஒரு வாய்க்காலில், மீதி இன்னொன்றில் பாயும். (பரப்பளவு எடுக்கும் முன் மீட்டரில் அளக்கும் யுடிஎம் வரைபட முறையின் 44ஆம் வடக்கு மண்டலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஏக்கர் கணக்கு கேலிக்கூத்தாகும்.) ஆனால் எது எங்கே இருக்கிறது என்பதோடு அதன் வேலை முடிந்தது. யாருக்கு எவ்வளவு என்று அது தானாகச் சொல்லாது.

ஸ்வாட் அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. சரிவு, மண், பயிர், மழை கொடுத்தால் ஓடையில் எவ்வளவு நீர் சேரும் என்று சொல்லும். பவானி, அமராவதி மலைச்சரிவுகளுக்கு அருமையானது. டெல்டாவில் இது தலைகீழ். மலையில் ஓடைகள் கூடி ஆறாகின்றன. டெல்டாவில் கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று ஆறு பிரிகிறது. எங்கே எவ்வளவு பிரிய வேண்டும் என்பதைச் சரிவு தீர்மானிப்பதில்லை, ஷட்டரைத் தூக்கும் கை தீர்மானிக்கிறது. போதாக்குறைக்கு இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் உயரத் தரவில் மீட்டர் கணக்கில் பிழை உண்டு. டெல்டாவின் மேடுபள்ளமே அவ்வளவுதான். மென்பொருள் நடவு வயலின் நடுவே ஆறு வரைந்து காட்டும்!

வீப், ஸ்டாக்ஹோம் சுற்றுச்சூழல் நிறுவனத்துடையது. வளரும் நாடுகளின் அரசுத் துறை, கல்லூரி, லாபநோக்கற்ற அமைப்புகளுக்கு உரிமம் இலவசம். அணை, ஆறு, தேவை இவற்றைக் கோடும் புள்ளியுமாக இணைத்து ஒவ்வொரு தேவைக்கும் 1 முதல் 99 வரை முன்னுரிமை எண் கொடுக்கலாம், 1தான் முதலிடம். குடிநீருக்கு 1, குறுவைக்கு 2 என்று வைத்து, வரத்து குறைந்த ஆண்டில் என்ன ஆகும் என்று ஓட்டிப் பார்க்கலாம். கொள்ளிடத்திலிருந்து வேதாரண்யம் வரை குழாயில் குடிநீர் போகும் வட்டாரத்துக்கு இந்தக் கேள்விதான் முக்கியம்.

அதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஒரே எண் பெற்ற தேவைகளுக்கு வீப் பற்றாக்குறையைச் சம விகிதத்தில் பகிரப் பார்க்கும். நிஜத்தில் வாய்க்காலின் தொடக்கத்தில் உள்ள தலைமடை நிறைந்த பிறகே கடைமடைக்கு மிச்சம். மாதக் கணக்கில் ஓட்டினால் முறைவைத்துத் தண்ணீர் விடும் முறைப்பாசன நாட்களும் கண்ணில் படாது.

கடலோர உப்புநீர் ஊடுருவலுக்கு இந்த மூன்றும் போதாது. நிலத்தடி நீரோட்டத்தைக் கணிக்கும் மாட்ஃப்ளோ (MODFLOW) போன்ற மென்பொருள் வேண்டும். வீப்புடன் அதை இணைக்க முடியும்.

எனவே என் தேர்வு கியூஜிஐஎஸ்ஸும் வீப்பும் சேர்ந்த ஜோடி. ஷட்டர் திறந்த நாளும் அளவும் எந்தச் செயற்கைக்கோளிலும் கிடைக்காது. மதகைப் பார்த்துக்கொள்ளும் பாசன ஊழியரான லஸ்கரின் நோட்டில் இருந்தால் உண்டு. அதை ஏற்றிவிட்டு, தலைமடைக்கு 2, கடைமடைக்கு 4 என்று எண்ணை மாற்றி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். நியாயப்படி தவறான அந்த எண்ணில்தான் படம் வயலோடு ஒத்துப்போகும்.